கயிறு யார் கையில்? முத்துக்குளித்துறையில் ரெண்டு பேக்பேக்

(ஒலி அத்தியாயத்தின் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

 

நானும் என் கணவரும் முதுகுல பையை மாட்டிக்கிட்டு மூணு மாசம் ஆசியாவுல சுத்தின கதையை முன்னாடி ஒரு அத்தியாயத்துல பேசியிருந்தேன். நிறைய பேர் பட்ஜெட் கேட்டீங்க, விசா கேட்டீங்க. ஒருத்தங்க மட்டும் வேற மாதிரி கேட்டிருந்தாங்க. "மூணு மாசம், நாள் முழுக்க ஒரே ஆளோட. சண்டையே வரலையா?"

வந்துச்சு. சின்னச் சின்னதா நிறைய, பெருசா ஒண்ணு. அந்தப் பெரிய சண்டை ஆரம்பிச்சது தாய்லாந்துல. முடிஞ்சது தூத்துக்குடியில. நடுவுல ஏழு மாசம். இன்னைக்கு அந்தக் கதைதான். கூடவே தூத்துக்குடி கதையும். ஏன்னா ஒண்ணை விட்டுட்டு இன்னொண்ணைச் சொல்ல முடியாது.

சண்டை

தாய்லாந்துல கோ தாவ்னு ஒரு சின்னத் தீவு. ஸ்கூபா டைவிங் கத்துக்க உலகம் பூரா இருந்து அங்க வர்றாங்க. எனக்கு அது ரொம்ப நாள் ஆசை. அவருக்குத் தண்ணின்னாலே ஆகாது. சின்ன வயசுல கிணத்துல விழுந்து பொழைச்சவர்.

நான் கோர்ஸ்ல சேர்ந்தேன். அவர் தினமும் படகுல கூட வந்து மேல உட்கார்ந்திருப்பார். நான் கீழ போய் மீன் கூட்டம், பவளப்பாறை எல்லாம் பார்த்துட்டுத் துள்ளிக்கிட்டு மேல வருவேன். "கீழ என்ன பார்த்தேன் தெரியுமா"ன்னு ஆரம்பிப்பேன். அவர் கடிகாரத்தைப் பார்த்து, "நாப்பத்திரண்டு நிமிஷம்"ம்பார். அவ்வளவுதான்.

நாலாவது நாள் எனக்குப் பொறுக்கல. "நான் உங்களுக்காக எத்தனை மியூசியம் ஏறி இறங்கியிருக்கேன். நீங்க எனக்காக ஒரு தடவை, இடுப்பளவு தண்ணியில முகமூடி போட்டுப் பார்க்கக் கூடாதா? சும்மா மேல உட்கார்ந்து மணி பார்க்கத்தான் கூட வந்தீங்களா?"ன்னு கேட்டேன். அவர் பதில் சொல்லல. அது இன்னும் கோபமாச்சு. பயணம் முடிஞ்சு சென்னை வந்த பிறகும் அந்தக் கேள்வி வீட்டுல ஒரு மூலையில உட்கார்ந்தே இருந்துச்சு. யாராவது "ட்ரிப் எப்படி இருந்துச்சு"ன்னு கேட்டா, நாங்க ரெண்டு பேரும் ரெண்டு வேற பயணத்தைச் சொல்லுவோம்.

ஏன் தூத்துக்குடி?

மலேசியாவுல மலாக்கா போயிருந்தோம். அங்க ஒரு குன்று மேல புனித பால் தேவாலயம் இடிஞ்சு நிக்குது. உள்ள ஒரு காலியான கல்லறை. புனித சவேரியாரோட உடலை 1553ல கொஞ்ச காலம் அங்க வச்சிருந்து, அப்புறம் கோவாவுக்குக் கொண்டு போனாங்க. அதே சவேரியார் 1542ல நம்ம முத்துக்குளித்துறைக்கு வந்து, ஊர் ஊரா நடந்தவர்னு அவர் படிச்சுச் சொன்னார். எனக்கு உடனே ஒண்ணு உறைச்சது. நாங்க ரெண்டு பேரும் சென்னைக்காரங்க. மலாக்கா வரைக்கும் வந்துட்டோம். தூத்துக்குடியை ஒரு தடவைகூடப் பார்த்ததில்ல.

அப்படித்தான் போன பிப்ரவரியில எழும்பூர்ல முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறினோம். காலையில கண் முழிச்சா ஜன்னல்ல வெள்ளை வெள்ளையா உப்புக் குவியல். இந்தியாவுல குஜராத்துக்கு அடுத்து அதிகமா உப்பு விளையுறது இந்தப் பக்கம்தான். வெயில் ஏறுறதுக்கு முன்னாடியே பாத்தியில ஆட்கள் வேலையில இருந்தாங்க, பெண்கள்தான் நிறைய.

ஊர்ல இறங்கின உடனே ஒரு அனுபவம். பேர் வேண்டாம், ஒரு லாட்ஜ். ரெண்டு பேர் ஆதாரும் கொடுத்தோம். ரெண்டுலயும் வேற வேற விலாசம். "கல்யாண ஃபோட்டோ எதுவும் இருக்கா?"ன்னு கேட்டாங்க. வியட்நாம்லயும் மலேசியாவுலயும் எங்களை யாரும் கேக்காத கேள்வி, சொந்த மாநிலத்துல கேட்டாங்க. போன்ல தேடி, மாலையும் கழுத்துமா இருக்குற படத்தைக் காட்டின பிறகுதான் சாவி வந்துச்சு. கல்யாணம் ஆகாத ஜோடி ஒரே அறையில தங்கக் கூடாதுன்னு சட்டம் எதுவும் இல்லைன்னு சென்னை உயர் நீதிமன்றம் 2019லயே சொல்லியாச்சு. ஆனா ராத்திரி பத்து மணிக்கு ரிசப்ஷன்ல நின்னு தீர்ப்பைப் பத்தி வாதாட முடியாது இல்லையா. ஜோடியா கிளம்புறவங்க முன்னாடியே போன் பண்ணிக் கேட்டுட்டுப் போங்க.

திரேஸ்புரத்துல ஒரு காலை

மறுநாள் விடியுறதுக்கு முன்னாடி திரேஸ்புரம் போனோம். நாட்டுப்படகும் சங்குக்குளிப்பும் நடக்குற இடம். பெரிய துறைமுகம் வேற பக்கம். அது 1974ல வந்தது, இப்போ வ.உ.சிதம்பரனார் பேர்ல இருக்கு. இங்க கரையில வல்லம், வலை, ஐஸ் பெட்டி, டீக்கடை. ஒரு ஓரத்துல சங்கு குவிஞ்சு கிடந்துச்சு, மேல் தோல் எடுக்காம பழுப்பு நிறத்துல.

அந்தச் சங்கு எங்க போகுதுன்னு கேட்டேன். பெரும்பாலும் வங்காளத்துக்கு. அங்க கல்யாணமான பெண்கள் கையில போடுற வெள்ளை வளையல் இந்தச் சங்குல அறுத்துச் செய்யறது. கொல்கத்தாவுல ஒரு பெண் கையில இருக்குற கல்யாண அடையாளத்தை, மன்னார் வளைகுடா அடியில இருந்து ஒருத்தர் மூச்சைப் பணயம் வச்சு எடுத்திருக்கார். எனக்கு இது அதுவரைக்கும் தெரியாது.

டீக்கடை பெஞ்சுல ஒரு பெரியவர். எழுபது வயசுக்கு மேல. சங்கு குளிச்சவர். அவரோட அப்பா முத்துக் குளிச்சவர். நான் ஆர்வமா, "நானும் டைவிங் பண்ணுவேன் ஐயா, பதினெட்டு மீட்டர் போயிருக்கேன்"னு சொன்னேன். "சிலிண்டர் மாட்டியா?"ன்னு கேட்டார். ஆமான்னேன். "எங்கப்பாவும் ஏறக்குறைய அம்புட்டு ஆழம்தான். சிலிண்டர் கெடையாது"ன்னார். அதுக்கப்புறம் நான் வாயை மூடிக்கிட்டுக் கேட்டேன்.

முறை இதுதான். படகு அதிகாலையில முத்துச்சிப்பி இருக்குற இடத்துக்குப் போகும். கடலடியில இருக்குற அந்தப் பாறைத் திட்டுக்குப் 'பார்'னு பேர். ஒவ்வொரு பாருக்கும் தனிப் பேர் உண்டு, தோலாயிரம் பார் மாதிரி. குளிக்கிறவர் ஒரு கனமான கல்லுல கால் வச்சு நிப்பார். கல் கயித்துல கட்டியிருக்கும். மூச்சை இழுத்துப் பிடிச்சதும் கயித்தை விடுவாங்க. கல்லோட சேர்ந்து சரசரன்னு அடிக்குப் போயிடுவார். மேல இருக்குறவர் கல்லை இழுத்துக்குவார். கீழ இருக்குறவர் கைக்கு எட்டின சிப்பியை எல்லாம் வலைப்பையில அள்ளணும். ஒரு நிமிஷம், மிஞ்சினா ஒன்றரை. மூச்சு முட்டும்போது கயித்தை ஒரு இழுப்பு இழுப்பார். அந்த நொடியில மேல இருக்குறவர் தூக்கணும். நாள் முழுக்க இதே மாதிரி மறுபடி மறுபடி.

"எறங்குறவன் பெருசில்ல தங்கச்சி. மேல கயிறு புடிக்கிறவன்தான் பெருசு. அவன் அந்தப் பக்கம் திரும்பி ஒரு பீடி பத்த வச்சா, கீழ உள்ளவன் செத்தான்"னார்.

"அப்போ யாரை நம்பிக் கயித்தைக் கொடுப்பாங்க?"

"மச்சானத்தான். பொண்டாட்டி கூடப் பொறந்தவன. சொந்த அண்ணன் தம்பி புடிச்சாக்கூட சொத்துக்கு ஆசப்பட்டு விட்டுருவான்னு ஒரு பேச்சு உண்டு. மச்சான் விடமாட்டான். விட்டா அவன் கூடப் பொறந்தவ தாலி இல்லாம நிப்பா."

இது அந்தக் கரையில தலைமுறை தலைமுறையா சொல்லிட்டு வர்ற பேச்சு. எவ்வளவு கூர்மையா யோசிச்சிருக்காங்க பாருங்க. பாசத்தை நம்பினாங்க, ஆனா பாசத்தை மட்டும் நம்பல. நீ மேல வரலைன்னா தன் வீட்டுலயும் இழவு விழும்னு தெரிஞ்ச ஒரு ஆளைத் தேடிக் கயித்தைக் கொடுத்திருக்காங்க.

அப்புறம் அவர் என் கணவரைப் பார்த்து, "தம்பியும் எறங்குவீயளா?"ன்னு கேட்டார். நான் முந்திக்கிட்டேன். "இல்லய்யா. அவர் மேல உட்கார்ந்து மணி பார்த்துக்கிட்டு இருப்பார்." கொஞ்சம் குத்தலாத்தான் சொன்னேன்.

பெரியவர் சிரிக்கல. "அதுதான வேல"ன்னார். டீ கிளாஸைக் கீழ வச்சுட்டு வேற பேச்சுக்குப் போயிட்டார்.

முத்து எங்க போச்சு?

இங்க நிறுத்தி முத்தைப் பத்திச் சொல்லணும். ஏன்னா எல்லாரும் கேக்குற முதல் கேள்வி, "இப்பவும் முத்துக் குளிக்கிறாங்களா?" இல்லை. 1955ல இருந்து 1961 வரைக்கும் தொடர்ந்து நடந்துச்சு. அதுதான் கடைசி.

இந்தத் தொழில் எப்பவுமே நிலையில்லாதது. நடுவுல பல வருஷம், சில சமயம் பல பத்தாண்டுகள் சிப்பியே இல்லாம போயிருக்கு. சிப்பிக் குஞ்சு நீரோட்டத்துல மிதந்து வந்து பார்ல ஒட்டணும். மணல் மூடக் கூடாது. மீன் தின்னக் கூடாது. நாலஞ்சு வருஷம் வளர்ந்தாத்தான் நல்ல முத்து. இன்னும் கொஞ்சம் விட்டா சிப்பி வயசாகிச் செத்துடும், முத்து மணலோட போயிடும். அந்தச் சின்ன இடைவெளியில பிடிக்கணும். அதனால அரசாங்கம் முதல்ல பாரைச் சோதிச்சுப் பார்த்துட்டுத்தான் சீசன் அறிவிக்கும். வெள்ளைக்காரங்க காலத்துல எடுத்த சிப்பியை மூணு பங்கா பிரிச்சு, ரெண்டை அரசாங்கம் எடுத்துக்கும். ஒண்ணுதான் குளிச்சவங்களுக்கு.

அதுக்கும் முன்னாடி இன்னும் மோசம். ஏறக்குறைய ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஒரு கிரேக்க வணிகர் எழுதின 'பெரிப்ளஸ்' குறிப்புல கொற்கை வருது. அங்க தண்டனை பெற்ற கைதிகளை வச்சு முத்து எடுக்கிறாங்கன்னு எழுதியிருக்கு. 13ஆம் நூற்றாண்டு கடைசியில மார்க்கோ போலோ வந்தார். எடுத்த முத்துல பத்துல ஒரு பங்கு ராஜாவுக்கு, இருபதுல ஒரு பங்கு சுறாவை மந்திரத்தால கட்டுறவங்களுக்குன்னு குறிச்சிருக்கார். அவங்களுக்கு இங்க 'கடல்கட்டி'ன்னு பேர். உலகத்துல யார் யார் கழுத்துக்கோ போன முத்து. எடுத்தவங்க கையில நின்னது கொஞ்சம்தான்.

1973ல தூத்துக்குடியில மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகள் சிப்பிக்குள்ள கரு வச்சு, உருண்டையான வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினாங்க. ஆனா ஜப்பான் மாதிரி அது இங்க பெரிய தொழிலா வளரல. 'முத்துநகர்'ங்கிற பேர் ரயில்ல இருக்கு, கடைப் பலகையில இருக்கு. கடல்ல சங்கு மட்டும் மிச்சம். அதையும் இப்போ சிலிண்டர் மாட்டித்தான் எடுக்கிறாங்க. சிலிண்டர் இருந்தா நிம்மதின்னு நினைக்காதீங்க. ரொம்ப நேரம் ஆழத்துல இருந்துட்டு வேகமா மேல வந்தா ரத்தத்துல காத்துக் குமிழி கட்டும். கை கால் விழலாம், உயிரே போகலாம். கோ தாவ்ல எனக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம் அது. இங்க பல பேர் அப்படி எந்த வகுப்புலயும் உட்காராம, பார்த்துப் பழகி இறங்குறவங்க.

தெற்கே ஒரு பஸ்

அடுத்த நாள் திருச்செந்தூர் பஸ் ஏறினோம். இந்த ரோடு ஒரு வரலாற்றுப் புத்தகம், ஆனா வரிசை கலைஞ்ச புத்தகம். தாமிரபரணி மண்ணைக் கொண்டு வந்து கொட்டக் கொட்ட கடல் விலகிப் போயிருக்கு. துறைமுகமும் கடலைத் துரத்திக்கிட்டே நகர்ந்திருக்கு. முதல்ல கொற்கை. அது தூர்ந்ததும் பழையகாயல், மார்க்கோ போலோ சொல்ற காயல் அதுதான்னு சொல்றாங்க. அதுவும் தூர்ந்ததும் ஆத்து முகத்துவாரத்துல புன்னைக்காயல். அப்புறம் தூத்துக்குடி.

கொற்கையில இறங்கி நின்னா கடல் கண்ணுக்கே தெரியாது. வயல், வாழை, ஒரு குளம், ரொம்ப வயசான ஒரு வன்னிமரம். பாண்டியரோட துறைமுகம் இதுன்னு யாராவது சொன்னாத்தான் தெரியும். எனக்கு வியட்நாம்ல ஹோய் ஆன் ஞாபகம் வந்துச்சு. அங்கயும் இதே கதைதான். ஆறு தூர்ந்து, வியாபாரம் பக்கத்துல டா நாங்குக்குப் போச்சு. கைவிடப்பட்டதாலயே பழைய வீடுகள் தப்பிச்சு, 1999ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்து, இன்னைக்கு ராத்திரி ஆனா ஆயிரம் விளக்கு. கொற்கையில ஒரு விளக்குக்கூட இல்லைன்னு நான் வருத்தப்பட்டேன். அவர், "பரவாயில்ல. இங்க வாழைக்குத் தண்ணி பாய்ச்சுறாங்க. ஊர் ஊராவே இருக்கு"ன்னார். இதுல நாங்க இன்னும் ஒத்துப்போகல. நீங்க யார் பக்கம்னு சொல்லுங்க. ஜோ டி குருஸ் எழுதின 'கொற்கை' நாவலைப் படிச்சுட்டு வந்தா இந்த ரோட்டுல பஸ் ஜன்னல் வேற மாதிரி தெரியும். 2013ல சாகித்ய அகாடமி விருது வாங்கின புத்தகம்.

காயல்பட்டினத்துல கல்யாணம் ஆனா மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து தங்குவார். பழைய தெருக்கள்ல வீடுகளுக்கு நடுவுல 'முடுக்கு'ன்னு குறுகலான சந்து உண்டு, பெண்கள் போய் வர்றதுக்கு. அதுல ஆண்கள் நடக்கக் கூடாது. நான் ஒரு அம்மாவோட பேசிக்கிட்டே முடுக்கு வழியா போயிட்டேன். அவர் பெரிய தெருவுல சுத்தி வந்தார். அந்த முனையில சந்திச்சப்போ ரெண்டு பேருக்கும் சிரிப்பு. ஒரே ஊரை ரெண்டு வழியில பார்த்துட்டு வந்து ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டோம். பல நாளைக்கு அப்புறம் அது நடந்துச்சு.

கடைசியா மணப்பாடு. கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு நிக்குற மணல் மேடு, அதுக்கு மேல 1581ல கட்டின திருச்சிலுவை ஆலயம். கீழ அலைக்குப் பக்கத்துல ஒரு குகை. சவேரியார் தங்கி ஜெபிச்ச இடம்னு சொல்றாங்க. மலாக்காவுல காலிக் கல்லறை, இங்க குகை. அவர் ரொம்ப நேரம் உள்ள உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் நாலு பசங்க சர்ஃபிங் பண்ணிக்கிட்டு இருந்தாங்க. நான் போய்த் தண்ணியில விழுந்தேன். யாரும் யாரையும் கூப்பிடல. அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு.

நமக்கு முன்னாடி ஒரு ஜோடி

இந்த ஊர் வழியா ஆசியாவைச் சுத்துறது புதுசு இல்லை. 1914ல பாம்பன் ரயில் பாலம் வர்ற வரைக்கும், சென்னையில இருந்து கொழும்பு போகணும்னா தூத்துக்குடி வரைக்கும் ரயில், அப்புறம் கப்பல். போட் மெயில்னு பேர். வெள்ளைக்காரக் கம்பெனி அந்தத் தண்ணியில தனிக்காட்டு ராஜாவா இருந்தப்போதான் வ.உ.சி. 1906ல சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பிச்சார்.

அதுக்குக் கொஞ்சம் முன்னாடி, 1897 கடைசியில, ஒரு அமெரிக்க ஜோடி இந்தப் பக்கம் வந்தாங்க. ஃபேனி புல்லக் வொர்க்மேன், அவங்க கணவர் வில்லியம். ரெண்டு பேர், ரெண்டு சைக்கிள். இலங்கையைச் சுத்திட்டு, இந்தியாவோட தென்முனையில இருந்து இமயமலை வரைக்கும் மிதிச்சாங்க. ராத்திரி ரயில்வே ஸ்டேஷன் வெயிட்டிங் ரூம்ல தூக்கம். சில நாள் நாப்பது பஞ்சர்கூட ஒட்டியிருக்காங்க. 1904ல அதைப் புத்தகமா போட்டாங்க. நம்ம கோயில் கட்டிடங்களைப் பத்திப் பக்கம் பக்கமா எழுதினவங்க, பொட்டி தூக்கினவங்களைப் பத்தி எரிச்சலோடதான் எழுதினாங்க. அதையும் சொல்லியாகணும்.

எனக்குப் பிடிச்சது வேற ஒண்ணு. பின்னாடி அவங்க காரகோரம் மலைகள்ல ஏறினப்போ வேலையை மாத்தி மாத்திப் பிரிச்சுக்கிட்டாங்க. ஒரு வருஷம் ஒருத்தர் ஆள், சாப்பாடு, சுமை எல்லாம் பார்த்துக்குவார், இன்னொருத்தர் அளவை, ஆராய்ச்சி. அடுத்த தடவை மாறிக்குவாங்க. 1912ல பனிமலை மேல ஃபேனி "பெண்களுக்கு ஓட்டுரிமை"ன்னு எழுதின காகிதத்தை விரிச்சுக்கிட்டு நிக்குற படம் இன்னைக்கும் இணையத்துல சுத்துது.

அவங்க பணக்காரங்க, நம்மால முடியுமான்னு கேப்பீங்க. கொச்சியில டீக்கடை வச்சிருந்த விஜயன், மோகனா தம்பதியைப் பாருங்க. தினமும் கொஞ்சம் சேர்த்து, பத்தாததுக்குக் கடன் வாங்கி, திரும்பி வந்து கடனை அடைச்சு, அடுத்த நாடு. 26 நாடு பார்த்தாங்க. 2021ல விஜயன் காலமாகுறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் ரஷ்யா போயிட்டு வந்தாங்க.

நாங்க அப்படியே கொழும்புக்குக் கப்பல் ஏற முடியுமான்னு விசாரிச்சோம். முடியாது. 2011 ஜூன்ல தூத்துக்குடியில இருந்து கொழும்புக்குப் பயணிகள் கப்பல் விட்டாங்க, அந்த வருஷமே நின்னு போச்சு. 2023ல இருந்து நாகப்பட்டினம், காங்கேசன்துறை கப்பல் இருக்கு, அதுவும் விட்டு விட்டு. சரக்கு ஏத்துற தோணிங்க மட்டும் இன்னும் பழைய துறைமுகத்துல இருந்து போய் வருது. கரையில நின்னு பார்த்தோம்.

நாப்பத்திரண்டு நிமிஷம்

கடைசி ராத்திரி. தூத்துக்குடியில ராத்திரி பரோட்டாக் கடைக்கு 'நைட் கிளப்'னு பேர். நிஜமாவே. முதல் நாள் ஆட்டோ அண்ணாச்சி "நைட் கிளப் போறீயளா"ன்னு கேட்டப்போ நாங்க முழிச்ச முழி இருக்கே. அந்த நைட் கிளப்ல, சால்னாவுக்கு முன்னாடி உட்கார்ந்து, ஏழு மாசம் கழிச்சு அவர் பேசினார்.

கோ தாவ்ல மூணாவது நாள் நாங்க மேல வர லேட்டாச்சு. எனக்கு ஞாபகமே இல்லை, ஏதோ ஆமை பார்த்துக்கிட்டு இருந்தோம். சொன்ன நேரத்தைத் தாண்டி ஏழு நிமிஷம். மேல அவர் குமிழி வர்ற இடத்தையே பார்த்துக்கிட்டு நின்னிருக்கார். குமிழி அலையில தெரியல. நீச்சல் தெரியாது. படகுக்காரர் பாஷை தெரியாது. "ஏழு நிமிஷம்னா உனக்கு ஒரு ஆமை. எனக்கு உங்க அம்மாவுக்கு என்ன சொல்லி போன் பண்றதுன்னு யோசிச்சு முடிச்சிட்டேன்"னார். அதனாலதான் ஒவ்வொரு தடவையும் மணி பார்த்திருக்கார். "நாப்பத்திரண்டு நிமிஷம்"னு சொன்னது அலட்சியத்துல இல்லை. எண்ணிக்கிட்டே இருந்திருக்கார்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே"ன்னேன்.

"சொன்னா நீ இறங்கியிருக்க மாட்ட."

எனக்குப் பரோட்டா தொண்டையில நின்னுச்சு. "சும்மா மேல உட்கார்ந்து மணி பார்க்க"ன்னு நான் கேட்ட அந்தக் கேள்விக்கு மன்னிப்புக் கேட்டேன். ஏழு மாசம் லேட்.

அதுக்காக அவர் செஞ்சது முழுக்கச் சரின்னு நான் சொல்லல. கயிறுன்னா ரெண்டு பக்கமும் இழுக்கணும். கீழ இருக்குறவர் ஒரு இழுப்பு இழுத்தாத்தான் மேல தெரியும். மேல இருக்குறவர் பயந்தா அதையும் சொல்லணும். இப்போ எங்களுக்குள்ள ஒரு ஏற்பாடு. நான் இறங்கினா, சொன்ன நேரத்துக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி மேல வருவேன், ஆமை என்ன, திமிங்கலமே வந்தாலும். அவர் கோயில், மியூசியம்னு தொலைஞ்சு போனா நான் வெளிய உட்கார்ந்து பை பார்த்துக்குவேன், முணுமுணுக்காம. எல்லாத்தையும் சேர்ந்தே பார்க்கணும்ங்கிற கட்டாயத்தை விட்டுட்டோம். ஒருத்தர் இறங்கும்போது இன்னொருத்தர் கவனமா இருந்தா போதும்.

போறவங்களுக்கு

சீக்கிரமா நாலு விஷயம். ஜூலை 26ல இருந்து ஆகஸ்ட் 5 வரைக்கும் பனிமய மாதா பேராலயத் திருவிழா. ஊர் நிரம்பி வழியும், அறை முன்னாடியே பார்த்துக்கோங்க.

மன்னார் வளைகுடாவுல இருக்குற 21 தீவும் தேசியப் பூங்கா. யாராவது தனியா கூட்டிட்டுப் போய் இறக்கி விடுறேன்னு சொன்னா ஏறாதீங்க, இறங்க அனுமதி கிடையாது. அதுல ரெண்டு தீவு ஏற்கெனவே கடலுக்குள்ள போயிடுச்சு.

பவளம், கடல்குதிரை, கடல் அட்டை எதையும் வாங்காதீங்க, சட்டப்படி குற்றம். "இந்தக் கடல் முத்து"ன்னு யாராவது புது நெக்லஸ் காட்டினா, 1961ங்கிற வருஷத்தை ஞாபகம் வச்சுக்கோங்க. வாங்கணும்னா மக்ரூன் வாங்குங்க. முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி. வாயில வச்சா கரையும், பேக்பேக்ல வச்சா தூளாகும்.

திரேஸ்புரம் மாதிரி இடத்துல கேமராவை முதல்ல எடுக்காதீங்க. டீ சொல்லுங்க, உட்காருங்க. அவங்க வேலை நேரம் அது.

அடுத்த அத்தியாயத்துல உப்பளத்துல வேலை செய்யற ஒரு அக்காவோட பேசுறேன். அதுவரைக்கும், நீங்க இறங்கும்போது உங்க கயித்தைப் பிடிச்சுக்கிட்டு மேல நிக்குறவங்க யாராவது இருந்தா, அது அம்மாவோ நண்பரோ யாரா இருந்தாலும், இன்னைக்கு ஒரு போன் போட்டு "மேல வந்துட்டேன்"னு சொல்லிடுங்க. போயிட்டு வர்றேன்.